மாப்பிள்ளை ஊர்த் தண்ணீர்

இப்போதெல்லாம் கோப்பிக் கடைகளில் பழச்சாற்றை ஊறுகாய்ப் போத்தலில் கொடுக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒக்லாந்தின் பிளாட் புஷ்ஷில் புதிதாகத் திறந்த ஒரு கடைக்கு மகள் என்னைக் கூட்டிப்போனாள். அவள் கேட்டது வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலில் வந்தது, கழுத்தில் திருகுமூடியின் வளையம் மட்டும் மினுங்க. நான் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். "டாட், இட்ஸ் ஜஸ்ட் எ ஜார்," என்றாள் அவள், பக்கத்து மேசையை ஓரக்கண்ணால் கவனித்தபடி. வெறும் போத்தல்தான், ஓம். ஆனால் ஒரு காலத்தில் அமெரிக்கா எங்கள் வீட்டுக்குள் வந்தது இந்த மாதிரிப் போத்தல் ஒன்றில்தான். அதை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவளுடைய போன் அடித்தது. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தக் கோப்பிக் கடை நிற்கும் இடத்தில் எண்பதுகளில் மாடுகள் நின்றன. பிளாட் புஷ் என்றால் புல்வெளி, கம்பி வேலி, சேறு. எங்கள் ஆட்கள் எவரும் அந்தப் பக்கம் போனதில்லை. நாங்கள் மங்கரேயில் ஒரு மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். விமானங்கள் கூரையைத் தடவிக்கொண்டு இறங்கும். அம்மா முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு விமானத்துக்கும் தலையைக் குனிந்தார். நியூசிலாந்துக்கு உதவித்தொகையில் படிக்க முதலில் வந்தவன் நான். ஊரில் கலவரம் நடந்த பிறகு அப்பா, அம்மா, அக்கா மூவரையும் கூப்பிட்டு எடுத்தேன். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். ஆகையால் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும், எந்தச் சந்தேகம் வந்தாலும், "தம்பியிட்டக் குடு" என்பார்கள். மின்சார பில்லும் என்னிடம் வரும், இருமல் மருந்தின் லேபிளும் வரும். நானும் எல்லாவற்றையும் சோதனைத் தாள் மாதிரி நினைத்து மூச்சுப்பிடித்துப் பதில் சொல்வேன். சிரித்துக்கொண்டு பதில் சொல்லலாம் என்பது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்பா புக்கக்கோஹியில் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்தார். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயம் நட்ட மனிதருக்கு இங்கேயும் செம்மண்ணும் வெங்காயமும் கிடைத்தது அதிர்ஷ்டமா தண்டனையா என்று எனக்குத் தெரியாது. அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றினால் வீடு முழுக்க வெங்காயம் மணக்கும். அக்கா ஒடாஹுஹுவில் தையல் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைத்தாள். நாள் முழுக்கக் கொலர் மட்டும். நான் படிப்பு முடித்து, புவியியல் பட்டத்தோடு, விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். உலகத்து ஊர்ப் பெயர்களெல்லாம் என் கையால் போயின என்று அப்போது பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

அக்காவுக்குக் கலியாணப் பேச்சு வந்தது லண்டனிலிருந்த பெரியம்மா மூலம். மாப்பிள்ளை நம்முடைய ஆள், டொக்டர், நல்ல குடும்பம். இருப்பதோ அமெரிக்காவில், கான்சஸ் மாநிலத்தின் நடுவில் ஒரு சின்ன ஊரில். ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர். யாராவது வாசித்துவிட்டு அக்காவிடம் போய்ச் சொல்லுவார்கள்.

அக்காவுக்கு அதற்கு முன்பு வந்த இரண்டு பேச்சுகளும் நாட்டு நிலைமையால் குழம்பியிருந்தன. ஒரு மாப்பிள்ளை இந்தியாவுக்குப் படகேறிப் போனார். மற்றவர் எங்கே போனார் என்று அவருடைய வீட்டாருக்கே தெரியாது. ஆகவே பெரியம்மாவின் பேச்சைக் கேட்டதும் அம்மா அன்றைக்கே சாமிப்படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார். அப்பா சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது கேட்டார்.

"ஊர்த் தண்ணி எப்பிடியாம்?"

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

அப்பாவின் தங்கையை, எங்கள் மாமியை, தீவுப்பக்கத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை விசாரிக்கப் போனவர்களில் அப்பாவும் ஒருவர். வெயிலில் வள்ளத்தில் போய் இறங்கியவர்களை மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் இருத்தி, ஆளுக்கொரு கலர்ச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். சோடா என்றால் அந்தக் காலத்தில் பெரிய மரியாதை. குடும்பத்தைப் பார்த்தார்கள், வீட்டைப் பார்த்தார்கள், மாட்டைக்கூடப் பார்த்தார்கள். தண்ணீரை ஒருவரும் கேட்டுக் குடிக்கவில்லை. கலியாணம் முடிந்து மாமி முதன்முறை வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அந்த ஊரில் எல்லாக் கிணறும் உவர். நல்ல தண்ணீருக்கு ஊரைக் கடந்து நடக்க வேண்டும். மாமி தன் வாழ்நாள் முழுக்க இடுப்பில் குடத்தோடு நடந்தார். மாமியின் கணவர் நல்ல மனிதர். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்பா தங்கையைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சைக்கிள் கரியரில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு கேனில் கட்டிக்கொண்டு போவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

"மாப்பிள்ளையிட்டயே கேட்டா என்ன?" என்றேன்.

"கேட்டா நல்ல தண்ணி எண்டுதான் சொல்லுவார். பிறகு கேக்க உன்ர மாமாவும் அப்பிடித்தான் சொன்னவர். அவருக்கு அந்தத் தண்ணிதானே நல்ல தண்ணி," என்றார் அப்பா. "நீ படிச்சனி. பூமிசாஸ்திரம் படிச்சனி. விசாரிச்சுச் சொல்லு. நீ சொல்லுறதுதான் முடிவு."

இப்படியாக அக்காவின் கலியாணம் என் தலையில் ஏறி உட்கார்ந்தது.

அடுத்த நாள் அக்கா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்: "தம்பி, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. முதல் நாள் போனிலயே, இஞ்ச விசர்க் காத்து அடிக்கும், யோசிச்சுச் சொல்லுங்கோ எண்டவர். பொய் சொல்லாத ஆள். தண்ணி உவரெண்டு தெரிஞ்சா எனக்குச் சொல்லு. அப்பாவுக்குச் சொல்லாத."

"அதெப்பிடியக்கா?"

"அப்பிடித்தான்," என்றாள். கிளிப்பைத் திரும்பவும் வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்றிரவு எனக்கு நித்திரை பிடிக்கவில்லை. தண்ணீர் உவராக இருந்தால் ஒன்றில் அப்பாவிடம் பொய் சொல்ல வேண்டும், அல்லது அக்காவைக் கைவிட வேண்டும். நல்ல தண்ணீராக இருந்தால் மட்டுமே தப்புவேன்.

சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து நகர நூலகத்துக்குப் போனேன். அட்லசில் அந்த ஊர் ஈயின் கால் பட்ட புள்ளி. கலைக்களஞ்சியத்தில் மாநிலத்துக்கு நிறைய இடம், ஊருக்கு ஒரு வரிகூட இல்லை. அலமாரியின் கடைசித் தட்டில், அட்டை கழன்ற ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் கடைசியில் அகப்பட்டது. அந்தப் பக்கங்களை நான் காதல் கடிதம் வாசிப்பதுபோல வாசித்தேன் என்றால் நம்புவீர்களா? புவியியல் படித்தவனுக்கு ஒரு ஊர் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால் அந்த ஊரே சொந்தமாகிவிடும்.

அது புகையிரதம் பெற்றெடுத்த ஊர். நீராவி எஞ்சினுக்குத் தாகம் அதிகம்; குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை நின்று தண்ணீர் ஏற்ற வேண்டும். மரமே இல்லாத வெட்டவெளியில் கம்பனிக்காரர்கள் இடத்துக்கு இடம் தோண்டிப்பார்த்து, கடைசியில் ஓரிடத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊற்றுக் கண்டார்கள். கையால் வெட்டிய பெரிய கிணறு. கிணற்றைச் சுற்றித் தண்டவாளம், தண்டவாளத்தைச் சுற்றிக் கடை, கடையைச் சுற்றி ஊர். பிறகு ரஷ்யாவின் ஆற்றங்கரையில் குடியிருந்த ஜேர்மன்காரர்கள், அங்கே ராசாவோடு ஒத்துவராமல், கோதுமை விதையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வேலிக் கம்பத்துக்கு மரமில்லை. ஆகவே நிலத்துக்குக் கீழே இருந்த கல்லையே அறுத்துத் தூணாக நட்டார்கள். வெட்டும்போது அந்தக் கல் மென்மையாக இருக்குமாம். காற்றுப் பட்டால் இறுகிவிடுமாம். மங்கரேயில் எங்கள் வீட்டுக்கு அப்பால், எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய தோட்ட மதில்கள் இருந்தன. பஸ்சில் திரும்பி வரும்போது அந்த மதில்களைப் பார்த்து, கல் கிடைத்த இடத்தில் மனிதன் கல்லால் வேலி போடுவான் என்று ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவன் மாதிரி நினைத்துக்கொண்டேன்.

சமையலறையில் மூவரையும் இருத்தி விளக்கினேன். அந்த ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நீதிமன்றம் எங்கே இருப்பது என்று பெரிய சண்டை நடந்ததையும், ஒரு நாள் பக்கத்து ஊர்க்காரர் வண்டில் கட்டிக்கொண்டு வந்து நீதிமன்றத்துக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டதையும் சொன்னேன்.

"களவெடுக்கிற சனமோ?" என்றார் அம்மா திடுக்கிட்டு.

"இல்லையம்மா. இவங்கட்ட இருந்துதான் களவெடுத்தவங்கள்."

"அப்ப ஏமாளிச் சனம்," என்றார் அம்மா ஆறுதலாக. "அது பரவாயில்லை."

அப்பா முழுவதையும் கேட்டார். "தண்ணி?" என்றார்.

"ஆண்டு மழைவீழ்ச்சி..." என்று தொடங்கினேன்.

"மழையையே குடிக்கப்போறாள்? கிணத்துத் தண்ணி உவரோ, நல்ல தண்ணியோ?"

புத்தகத்தில் அது இல்லை. கிணற்றின் ஆழம் இருந்தது, அகலம் இருந்தது, எந்தக் கம்பனி வெட்டியது என்று இருந்தது. ருசி இல்லை. பட்டப்படிப்பில் எனக்கு யாரும் தண்ணீரைக் குடித்துப் பார்க்கச் சொல்லித் தந்ததுமில்லை. வேறு வழியில்லாமல் அந்த ஊருக்கே போன் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

விசாரிப்பில் ஒரு விதி உண்டு. விசாரிக்கிறவன் தான் யார் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் பெண் வீட்டார் கடையில் வெற்றிலை வாங்குவதுபோலப் போய் நின்று, பேச்சோடு பேச்சாகத்தான் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். நானும் அப்படியே செய்யத் தீர்மானித்து, வசனங்களைப் பாடமாக்கிக்கொண்டேன். காலை வேளையில் எடுத்தேன். அங்கே இன்னும் நேற்றுப் பின்னேரம். ஒப்பரேட்டர் பெண்ணிடம் ஊரின் பெயரைச் சொல்லித் தண்ணீர் இலாகா வேண்டும் என்றேன். இலாகா எல்லாம் அங்கே கிடையாது. நகர அலுவலகத்தில் இருந்த ஒரே மனுஷியிடம் இணைத்தார்கள். பெயர் இர்மா. அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் இத்தனை வருடம் கிடந்து அது யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது. அப்படியே தருகிறேன்.

"தண்ணி பில்லோ, தண்ணிக் குழாயோ?" என்றார்.

"தண்ணி," என்றேன். "நான் ஒரு புவியியல் மாணவன். உங்கட தண்ணியின்ர ருசி எப்பிடி எண்டு தெரிஞ்சுகொள்ள விருப்பம்."

"ஃபில்டர் விக்கிற ஆளெண்டா எங்களுக்கு வேண்டாம்."

"சத்தியமா இல்லை."

மாணவன் என்றதும் மனுஷிக்கு மனம் இளகியது. கிணற்றைப் பற்றித் தொடங்கி, தன்னுடைய பாட்டனார் கல்லுத் தூண் அறுத்தது, புகையிரதம் இப்போது ஆட்களை ஏற்றுவதில்லை என்பது, கோதுமை விலை விழுந்து பக்கத்துக் காணிக்காரர் ஏலத்தில் விட்டது என்று எல்லாம் சொன்னார். நீதிமன்றத்தைத் திருடியவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய குரல் நடுங்கியது, முந்தாநாள் நடந்ததுபோல. தூரத்துப் போனுக்கான ரோல் கோல் காசு ஏறிக்கொண்டிருந்தது. நான் நெளிந்தேன்.

"உப்போ?" என்றேன் இடைவெட்டி.

"உப்பெண்டு சொல்ல மாட்டன். கேத்திலுக்கடியில வெள்ளையாப் படியும். நாங்கள் பழகிட்டம்." பிறகு கேட்டார்: "எங்கயிருந்து கதைக்கிறதெண்டு சொன்னனீர்?"

"நியூசிலாந்து."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "நியூசிலாந்தோ? எங்கட டொக்டருக்குப் பொம்பிளை அங்கதான் எண்டு ஒரு கதை அடிபடுகுது. நீர் பொம்பிளைக்கு என்ன முறை?"

பாடமாக்கிய வசனங்களில் இதற்குப் பதில் இல்லை. "தம்பி," என்றேன்.

"அப்பவே நினைச்சனான்!" என்று சிரித்தார். பிறகு குரல் மாறியது. "தம்பி, முந்தின டொக்டரின்ர மனிசிக்கு இஞ்சத்தைக் காத்து ஒத்துவரேல்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போயிட்டா. இந்த டொக்டர் வரும் வரைக்கும் பிள்ளைப்பேறுக்குக்கூட நாங்கள் அடுத்த ஊருக்குத்தான் போனனாங்கள். அந்தக் கள்ளர்ர ஊருக்கு! உம்மட அக்காவுக்குக் காத்து ஒத்துவருமோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது; நாங்கள் அந்த ஊரை விசாரித்துக்கொண்டிருந்த அதே நேரம் அந்த ஊர் எங்களை விசாரித்துக்கொண்டிருந்தது. "ஒக்லாந்திலயும் காத்துத்தான்," என்றேன். "அக்கா உடுப்புக்கு ரெண்டு கிளிப் போடுவா."

"நல்லது," என்றார் இர்மா, எழுதிக்கொள்பவர்போல. "ருசியை நான் எப்பிடிப் போனில சொல்லுறது? அனுப்பிவிடுறன். விலாசத்தைச் சொல்லும்."

வீட்டில் பகலில் அம்மா தனியே. கதவு தட்டினால் திறக்க மாட்டார். ஆகவே சரக்குக் கொட்டகையின் விலாசத்தைக் கொடுத்தேன்.

பெட்டி வந்த அன்று விவசாயத் திணைக்களத்து அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த நாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும்; ஒரு ஆப்பிள் விதைக்கே விசாரணை வைப்பார்கள். மேசையில் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஊறுகாய்ப் போத்தல் நிறையத் தண்ணீர். போத்தல் உடையாமலிருக்க இர்மா அதைச் சுற்றிக் கோதுமை வைக்கோலை அடைத்திருந்தார். போதாதென்று அழகுக்கு நாலைந்து கோதுமைக் கதிர்களையும் சிவப்பு நாடாவால் கட்டி மேலே வைத்திருந்தார். நல்ல மனம். ஆனால் அந்த வைக்கோல் என்னை ஜெயிலுக்கே அனுப்பும் என்று பயந்துவிட்டேன்.

அதிகாரி கோதுமைக் கதிர்களைக் கையுறை போட்ட கையால் தூக்கினார். "இது நெருப்புக்குப் போகும். வைக்கோலும் போகும்," என்றார். பிறகு போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்ன? தீர்த்தமா? கோயில் ஆட்களுக்கு, சேர்ச் ஆட்களுக்கு வருகிறதுதான். தீர்த்தமென்றால் ஒரு கையெழுத்து, கொண்டுபோகலாம்."

என்னோடு வேலை செய்த மலேசியத் தமிழர் சேவியர் அங்கிள் பின்னால் நின்று என் முழங்கையை இடித்தார். "ஆமான்னு சொல்லிடு தம்பி. சும்மா ஆமான்னு சொல்லிடு லா! ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு."

நான் அந்த வயதில் இருந்த இருப்பை என்னவென்று சொல்வது? அதிகாரி முன்னால் நின்றால் உண்மை தானாக வாயில் வந்து விழும். "இல்லை சேர். குழாய்த் தண்ணீர்," என்றேன்.

"குழாய்த் தண்ணீரா? அமெரிக்காவிலிருந்தா?"

"ஐயோ ஏசுவே," என்றார் சேவியர் அங்கிள் தமிழில்.

முழுக்கதையையும் சொன்னேன். மாமியின் சோடாவிலிருந்து தொடங்கினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். நான் முடித்ததும் போத்தலை ஒருதரம் குலுக்கி, மூடியைத் தட்டிப் பார்த்து, நகர அலுவலகம் குளோரின் போட்ட தண்ணீர்தானா என்று கேட்டார். ஓம் என்றேன். வெளிப்புறத்தை மருந்துத் தண்ணீரால் துடைத்து, என் கையில் தந்தார்.

"நான் பிறந்த பண்ணையில் கூரைத் தண்ணீர்தான் குடித்தோம்," என்றார். "சிலவேளை அதில் பூனை அளவுப் பொசம் ஒன்று செத்துக் கிடக்கும். உன் அப்பா என்ன முடிவு சொல்கிறார் என்று எனக்கு வந்து சொல்ல வேண்டும்."

நான் போத்தலைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் வந்தேன். வீட்டு வாசலில் அக்கா நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் இன்னும் குடித்துப் பார்க்கவில்லை என்று தலையை ஆட்டினேன். குடித்துப் பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

அப்பா வெங்காயக் கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டுதரம் கழுவினார். வாய் கொப்பளித்தார். அம்மா வெள்ளித் தம்ளரைத் துடைத்து வைத்தார். அக்கா கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவத் தொடங்கினாள். அப்பா ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குள் வைத்து, விழுங்கினார். இன்னொரு வாய். கூரைக்கு மேலே விமானமொன்று போனது; ஒருவரும் அசையவில்லை.

"உவரில்லை," என்றார்.

குழாயடியில் கோப்பை ஒன்று டங்கென்று தொட்டிக்குள் விழுந்தது. நல்லகாலம், உடையவில்லை.

"கல்லுக் கிணத்துத் தண்ணி," என்றார் அப்பா மேலும். "எங்கட தண்ணி மாதிரித்தான். தேத்தண்ணி போடு பாப்பம்."

அம்மா போட்டார். ஒக்லாந்தின் குழாயில் வருவது மலைமழைத் தண்ணீர், மென்மையானது. அதில் எத்தனை கரண்டி தேயிலை போட்டாலும் அப்பா கோப்பையைப் பார்த்து "சாயத்தண்ணி" என்பார். இந்தத் தண்ணீரில் தேத்தண்ணி கறுத்து, மேலே ஆடை மாதிரி ஒரு படலம் கட்டி வந்தது. சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துக்கு அடியிலும் கான்சஸ் ஊருக்கு அடியிலும் ஒரே சாதிக் கல். நான் படித்த படிப்பில் இதை ஒரே நாளில் சொல்லியிருக்கலாம். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியாது. அப்பா கோப்பையை அடிவரை குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

பிறகு அவருடைய பழைய புத்தி எழும்பியது. "அந்த மனிசி வேற கிணத்துத் தண்ணியை அள்ளி அனுப்பியிருந்தா? அவவுக்கு டொக்டர் போகாம இருக்கோணும். தரகர்மார் பக்கத்து வீட்டுக் கிணத்தைக் காட்டுறேல்லையே?"

அக்கா ஈரக்கையோடு திரும்பினாள். "அப்பா, ஏமாத்திறதெண்டா இந்தப் படலம் கட்டிற தண்ணியையே அனுப்புவா? கடையில போத்தில் தண்ணி வாங்கி அனுப்பியிருக்க மாட்டாவே?"

அப்பா யோசித்தார். "அதுவும் சரிதான்," என்றார். "அப்ப பெரியம்மாவுக்கு ஓம் எண்டு சொல்லு."

அக்கா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். போகும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது, சந்தோஷமாக இருந்தது. நான் கதிரையில் சாய்ந்து, வாரக்கணக்காகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டேன். ஒருவருக்கும் பொய் சொல்லத் தேவையில்லை.

அம்மாதான் கடைசிவரை விடவில்லை. மிஞ்சிய தண்ணீரில் ஒரு கை பருப்பைப் போட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தார். பருப்பு கல்லாகவே நின்றது. "நினைச்சனான். இந்தத் தண்ணியில பருப்பு அவியாது," என்றார். "குக்கர் ஒண்டு குடுத்துவிடுவம்."

கலியாணம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. சேவியர் அங்கிள் குடும்பத்தோடு வந்தார். அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து கைகொடுத்தார். அக்கா குக்கரோடு போனாள். அங்கே விமானத்தால் இறங்கி ஊருக்குள் கார் நுழைந்தபோது, நகர அலுவலக வாசலில் ஆட்கள் கூடி நின்றார்களாம். இர்மா முன்னுக்கு நின்று, காற்றில் பறக்கும் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக் கொடுத்தாராம். அப்பா பல வருடம் கழித்து ஒருமுறை போனார். முதல் நாளே அவருடைய தொப்பியைக் காற்றுக் கொண்டுபோய்விட்டது. கல்லுத் தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல வேலி" என்று மட்டும் சொன்னார்.

இப்போது மங்கரேயில் அந்த மரவீடு இல்லை. சரக்குக் கொட்டகை இருந்த இடத்தில் வாடகைக் கார்கள் நிற்கின்றன. ரோல் கோலும் இல்லை, இணைத்துவிடும் ஒப்பரேட்டர் பெண்ணும் இல்லை. அந்த ஊரின் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தை அடுத்த ஊரோடு, அதே கள்ளர் ஊரோடு, சேர்த்துவிட்டார்கள். இர்மாவைக் கல்லுத் தூண்களுக்கு நடுவில் அடக்கம் செய்தபோது அத்தானும் பெட்டியைத் தூக்கினார். அத்தான் ஓய்வு பெற்றும் அவர்கள் அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

போன வருடம் அக்கா போனில் சொன்னாள், கிணற்றை மூடிவிட்டார்களாம். கோதுமைக்குப் போட்ட உரம் இத்தனை வருடம் மெல்ல மெல்ல இறங்கித் தண்ணீரில் கலந்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிகள் குடிக்கக் கூடாது என்று முதலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பிறகு ஒருவரும் குடிக்கக் கூடாது என்றார்கள். இப்போது எங்கோ தூரத்து அணையிலிருந்து குழாயில் வருகிறது. பருப்பு பஞ்சாக அவிகிறதாம், தேத்தண்ணிதான் வாயில் வைக்க முடியவில்லையாம். அப்பா இல்லாமல் போனது நல்லது, இதைக் கேட்டுத் தாங்கியிருக்க மாட்டார் என்றேன்.

"கேட்டிருந்தா என்ன? என்னை ஏத்திக்கொண்டு போக வந்திருப்பார்," என்று அக்கா சிரித்தாள். அந்தப் பக்கம் காற்று யன்னலை அடிக்கும் சத்தம் கேட்டது. "நல்லகாலம் தம்பி, ஊர்த் தண்ணி எப்பிடியெண்டு அவர் இப்பக் கேக்காம அப்பவே கேட்டவர்."